ஈய விலைக்குப் போன வெள்ளீயம்

பழைய உலோகம் வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய கோப்பை. மலேசியாவில் பல வருடம் தொழில் பார்த்துத் திரும்பிய ஒருவர் மௌத்தாகி, அவரது வீட்டைக் காலி செய்தபோது அவரது மனைவி விற்ற சாமான்களில் இதுவும் ஒன்று. பெரிய தட்டு ஒன்று, கைபிடி வைத்த குவளைகள் சில, ஒரு பூச்சாடி. எல்லாவற்றையும் "ஈயச் சாமான்" என்று நிறுத்து, ஈயத்துக்குரிய விலையைக் கொடுத்து வாங்கி, அதன் மேல் சிறு இலாபம் வைத்துப் பெரிய வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மேசையில் பேனை போட்டு வைப்பதற்கென்று எடுத்து வைத்த கோப்பை மட்டும் மிஞ்சியது. ஒரு மாதம் கழிந்துதான் அதைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். அடியில் ஆங்கிலத்தில் பியூட்டர் என்று தெளிவாகப் பொறித்திருக்கிறது.

விசாரித்தபோதுதான் அது ஈயமல்ல, பெரும்பாலும் வெள்ளீயம் என்றும், கிலோவுக்கு ஈயத்தைவிடப் பல மடங்கு பெறுமதி என்றும் தெரிந்தது. "என்னிடம் வாங்கியவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று கோபப்பட்டார். சற்று நேரம் கழித்து அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்படியானால் நான் அந்தத் தாயிடம் வாங்கியது?"

ஆக, அவரது கேள்வி இரண்டு. இந்தப் பொருளை எப்படி அறிந்துகொள்வது என்பது ஒன்று. அறிந்தவர் அறியாதவரிடம் வாங்கும்போது எதுவரை போகலாம் என்பது மற்றையது. முதலாவதற்கு விடை சொல்ல நாம் கொஞ்சம் தூரம், அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. பழைய பியூட்டரைத் தேடிப் பிடிப்பதில் அங்குள்ள ஒரு கூட்டத்தாரை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் நகை வியாபாரிகளோ பழம்பொருள் சேகரிப்பாளர்களோ அல்லர். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் வேண்டிய ஈயச் சன்னங்களைத் தாமே வார்த்துக்கொள்பவர்கள்.

சன்னம் என்றதும் யாரும் பதற வேண்டாம். நமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டம் வேறு. தனது சொந்தப் பாவனைக்கு வார்ப்பவருக்கு அங்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் உரிமம் எடுக்க வேண்டும். நாம் அவர்களிடம் கற்கப்போவது உலோகத்தை இனங்காணும் வித்தையை மட்டும்தான்.

ஈயத்துக்கு ஏன் வெள்ளீயம்?

தனி ஈயம் மிக மிருதுவானது. உருக்கி அச்சில் ஊற்றினால் அது மூலை முடுக்கெல்லாம் சரியாக நிரம்புவதில்லை. உருகிய ஈயத்தின் மேற்பரப்பு இழுவிசை அதிகம் என்பதே காரணம். தாமரை இலையில் நீர் உருண்டு நிற்பதைப் போல அது அச்சின் கூர்மையான விளிம்புகளுக்குள் போக மறுக்கும். அதனோடு சிறிதளவு வெள்ளீயம் சேர்த்தால் அந்த இழுவிசை குறைந்து, வார்ப்பு அச்சின் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொள்ளும். நூற்றுக்கு இரண்டு பங்கு பொதுவாகப் போதுமானது. கடினம் வேண்டுமென்றால் அந்திமனியும் சேர்ப்பார்கள். லைமன் இரண்டாம் இலக்கக் கலவை என்று அவர்களிடையே பெயர் பெற்ற ஒன்றில் ஈயம் 90, வெள்ளீயம் 5, அந்திமனி 5 என்ற விகிதம்.

ஈயம் அவர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய செலவில்லாமல் கிடைத்தது. வாகனச் சக்கரங்களைச் சமப்படுத்த விளிம்பில் கொளுவும் சிறு நிறைகளை டயர் கடைகளில் வாளி வாளியாக எடுத்து வருவார்கள். அதில் ஈயத்தோடு கொஞ்சம் அந்திமனியும் இருந்தது. சுற்றாடல் காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் கலிபோர்னியா மாநிலம் 2010இலும் ஈய நிறைகளுக்குத் தடை கொண்டுவந்தன. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. இப்போது அந்த வாளியில் உருக்கும் நாகமும் கலந்து வருகின்றன. ஈய நிறைகளிலேயே வெள்ளீயம் மிகச் சொற்பம்தான். ஆகவே வெள்ளீயத்தை எப்போதும் தனியாகத் தேட வேண்டியிருந்தது. புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். அந்த நெருக்கடிதான் அவர்களைப் பழைய பாத்திரக் கடைகளுக்கு அனுப்பியது.

வீட்டு உலோகத்தை உருக்கிச் சன்னமாக்குவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1776 ஜூலையில் நியூயோர்க் நகர மக்கள் பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் ஈயச் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினார்கள். அதன் துண்டுகள் கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டு 42,088 சன்னங்களாக வார்க்கப்பட்டதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கிளர்ச்சிக்காரர்களாக இருந்தும் கணக்குப் புத்தகத்தை விடவில்லை!

பியூட்டர் என்றால் என்ன?

நமது பேச்சுத் தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லைப் பல உலோகங்களுக்கும் போட்டுப் பழகிவிட்டோம். காரீயமும் ஈயம், வெள்ளீயமும் ஈயம். தென்னிந்தியாவில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயமே. மீன்வலையில் கட்டும் ஈயமும் வாகன மின்கலத்தின் தகட்டிலுள்ள ஈயமும் காரீயம். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி சொல்லும் நாம், இன்றைய சந்தையில் வெள்ளீயம் பித்தளையைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

பியூட்டர் வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகம். இக்காலப் பியூட்டரில் நூற்றுக்கு 90க்கு மேல் வெள்ளீயம், மிகுதி அந்திமனியும் சிறிது செம்பும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உருவான பிரிட்டானியா உலோகம் இந்த வகையின் முன்னோடி. அதற்கு முந்திய பியூட்டரில், குறிப்பாக மலிவானவற்றில், ஈயமும் கணிசமாகக் கலந்திருக்கும். அந்தக் கலப்படத்தைக் கட்டுப்படுத்த லண்டன் பியூட்டர் தொழிலாளர் சங்கம் 1348இலேயே விதிகளை எழுதி, எந்தப் பொருளுக்கு எந்தக் கலவை என்று வரையறுத்து, மீறியவர்களைத் தண்டித்தது. இஸ்லாமிய நகரங்களின் சந்தைகளில் முஹ்தஸிப் செய்த வேலைக்கு இது ஒப்பானது.

எமது வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடியது மலேசியப் பியூட்டர். கோலாலம்பூரில் 1885இல் யோங் கூன் என்ற சீனக் கைவினைஞர் தொடங்கிய தொழில்தான் இன்று ரோயல் செலாங்கூர் என்று உலகறிந்த நிறுவனமாக இருக்கிறது. அதற்கு 'ரோயல்' என்ற அடைமொழி 1992இல்தான் வந்தது. எனவே அதற்கு முந்திய பொருட்கள் பலவற்றில் செலாங்கூர் பியூட்டர் என்று இருக்கும். வெள்ளீயம் 97 வீதம் அளவில் உள்ள உயர்ந்த கலவை அது.

இனி விலை. 2003இல் உலக சந்தையில் ஒரு தொன் வெள்ளீயம் சுமார் 5,000 டொலர், ஈயம் சுமார் 500 டொலர். 2023இல் வெள்ளீயம் 25,000 டொலர் அளவிலும் ஈயம் 2,000 டொலரைச் சற்றுத் தாண்டியும் இருந்தன. இரண்டும் ஏறிய போதிலும் இந்த இரு வருடங்களிலும் சுமார் பத்து மடங்கு இடைவெளி இருந்திருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு குவளையை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 92 வெள்ளீயம் என்றால் 460 கிராம். அந்த 2023ஆம் ஆண்டு விலையில் அதன் உலோகப் பெறுமதி பதினொரு டொலருக்கு மேல். அதே எடை ஈயம் ஒரு டொலர். சன்னம் வார்ப்பவரின் கணக்கு வேறு விதம். நூற்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அந்த ஒரே குவளை 23 கிலோ கலவைக்குப் போதும். அதனால்தான் அவர் ஒரு குவளைக்காக நாலு கடை ஏறி இறங்குகிறார்.

வெள்ளீயத்தின் விலை நிலையற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1985 ஒக்டோபரில் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச வெள்ளீயப் பேரவை கைப்பணம் தீர்ந்து வீழ்ந்தபோது, லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரமே 1989 வரை நின்றுபோனது. 2022 மார்ச்சில் அதே சந்தையில் தொன் 50,000 டொலரை எட்டி, அந்த வருடம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே வந்தது. கடன்பட்டு வாங்கிக் குவித்து வைக்கும் சரக்கல்ல இது.

எங்கே தேடுகிறார்கள்?

அமெரிக்காவில் குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற தர்ம நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருட் கடைகள் ஊர்தோறும் உண்டு. மக்கள் வேண்டாத சாமான்களை இலவசமாகக் கொடுப்பார்கள். கடை அவற்றை விற்று அந்தப் பணத்தை நற்பணிக்குச் செலவிடும். அங்கே விலை போடுபவர் உலோகத்தை நிறுப்பதில்லை. கோப்பை என்றால் கோப்பைக்குரிய விலை, தட்டு என்றால் தட்டுக்குரிய விலை. பீங்கான், அலுமினியம், பியூட்டர் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். இதைத் தவிர, வார இறுதிகளில் வீட்டு முற்றத்தில் போடும் விற்பனை, இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் ஏற்பாடு, திறந்தவெளிச் சந்தை என்று பல இடங்கள்.

இந்தத் தேடலில் ஒரு வியாபார நுணுக்கம் இருக்கிறது. நசுங்கிய, கைபிடி உடைந்த, பெயர் பொறித்த பியூட்டரையே அவர்கள் முதலில் எடுப்பார்கள். ஏதோ ஒரு விளையாட்டுப் போட்டியில் யாருக்கோ கொடுத்த பரிசுக் குவளையை அலங்காரத்துக்கு யாரும் வாங்குவதில்லை. கடைக்காரருக்கு அது தூங்கும் சரக்கு. உருக்குபவருக்கோ நசுங்கியதும் நல்லதும் நிறையில் ஒன்றுதான். ஒரு வாங்குநருக்குக் குறையாகத் தெரிவது இன்னொரு வாங்குநருக்குக் குறையே அல்ல. நமது பஞ்சிகாவத்தைப் பகுதியில் உதிரிப்பாகம் விற்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மற்றத் துறையினர்தான் யோசிக்க வேண்டும்.

கையில் எடுத்ததும்

முதல் வேலை கவிழ்த்துப் பார்ப்பது. நமது சகோதரர் ஒரு மாதம் செய்யத் தவறிய வேலை அது. பியூட்டர் என்ற சொல் அடியில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஐரோப்பியப் பொருட்களில் அவரவர் மொழியில் இருக்கும். இத்தாலியப் பொருளில் பெல்ட்ரோ, சுவீடன் பொருளில் தென், நோர்வே பொருளில் தின். ஜேர்மன் பொருளில் ட்ஸின். இந்தக் கடைசிச் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். ஜேர்மன் மொழியில் வெள்ளீயத்தின் பெயரும் நாகத்தின் பெயரும் ஆங்கில இஸட் எழுத்தில் தொடங்கும். இரண்டு என் எழுத்தில் முடிந்தால் வெள்ளீயம், கே எழுத்தில் முடிந்தால் நாகம். ஓர் எழுத்தில் பத்து மடங்கு நட்டம் வரலாம்.

எழுத்து இல்லாவிட்டால் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு; வைத்துவிடலாம். ஒட்டாவிட்டால் பியூட்டர் என்று முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் அலுமினியமும் பித்தளையும் நாகமும் காந்தத்தில் ஒட்டாது. அடுத்து கையில் பாரம் பார்க்க வேண்டும். அலுமினியம் பியூட்டரின் நிறையில் பாதிகூட வராது. விரலால் தட்டினால் பித்தளை கணீரென்று ஒலிக்கும். பியூட்டரின் சத்தம் பொதுவாக மந்தமானது. மெல்லிய விளிம்பை அழுத்தினால் வளைந்து கொடுக்கும். வெள்ளைத் தாளில் அழுத்திக் கோடு இழுத்தால் ஈயம் அதிகமுள்ள பழைய பியூட்டர் பென்சில் போலக் கறுப்புக் கோடு விடும், நல்ல பியூட்டர் அப்படி விடாது.

சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர்த் தராசு. பொருளை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பின்பு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 438 கிராம், தண்ணீரில் 378 கிராம் என்றால் வித்தியாசம் 60. 438ஐ 60ஆல் வகுத்தால் 7.3. நல்ல பியூட்டரின் அடர்த்தி இதுவே. ஈயத்துக்கு 11.3, அலுமினியத்துக்கு 2.7, பித்தளைக்கு 8.5 அளவில் வரும். 7.3ஐத் தாண்டி எட்டு, ஒன்பது என்று ஏறினால் உள்ளே ஈயம் கலந்திருக்கலாம். பொள்ளலான கைபிடிக்குள் காற்று அடைபட்டிருந்தால் கணக்குப் பிழைக்கும்.

இந்தத் தராசுக்கு ஒரு குறை உண்டு. நாகத்தின் அடர்த்தி 7.1. வீட்டுத் தராசு இந்தச் சிறு வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. இங்கேதான் உருகுநிலை கைகொடுக்கிறது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், ஈயம் 327இல், நாகம் 419இல், அலுமினியம் 660இல். சூடேறிய சோல்டர் கம்பியின் நுனியை மறைவான ஓரிடத்தில் தொட்டால் பியூட்டர் இளகிவிடும், நாகம் அசையாது. ஐதரோக்குளோரிக்கமிலம் ஒரு துளி விட்டால் நாகம் உடனே நுரைத்துக் கிளம்பும். ஆனால் இந்த இரண்டும் பொருளில் வடு உண்டாக்கும். விலை பேசி வாங்கிய பின்பு செய்ய வேண்டிய சோதனைகள் இவை. அடுத்தவர் பொருளில் செய்வதற்கல்ல.

பெரிய உலோகக் களஞ்சியங்களில் இப்போது துப்பாக்கி வடிவில் ஒரு கதிர்க்கருவி இருக்கிறது. உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் சில விநாடிகளில் கலவை விகிதத்தைத் திரையில் காட்டிவிடும். சரக்கு அதிகமென்றால் அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவதே மேல்.

ஏமாறும் இடங்கள்

அனுபவமுள்ள அமெரிக்கர்களே வழுக்கி விழுந்த இடங்கள் சில உண்டு. வில்டன் ஆர்மெட்டேல் என்ற பெயரில் பியூட்டர் போலவே மங்கிய சாம்பல் நிறத்தில் தட்டுகளும் கிண்ணங்களும் ஏராளமாக விற்கப்பட்டன. அது அலுமினியக் கலவை. மெழுகுவர்த்தித் தண்டுகளின் அடியில் 'நிறையேற்றப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது சீமெந்தோ சாந்தோ. மேலே மெல்லிய ஓடுதான் உலோகம். குவளையின் அடி கண்ணாடியாக இருக்கலாம். நிறுத்து வாங்கும் நாம் சீமெந்துக்கும் கண்ணாடிக்கும் வெள்ளீய விலை கொடுத்துவிடக் கூடாது.

இதற்கு எதிர்மாறாக, வெள்ளி முலாம் பூசிய பழைய ஆங்கிலேயத் தேநீர்க் கெண்டிகளில் பியூட்டர் ஒளிந்திருப்பதுண்டு. அடியில் ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் உள்ளே இருப்பது செம்பு, நாகம், நிக்கல் சேர்ந்த கலவை. ஈ.பி.பி.எம். என்றிருந்தால் உள்ளே பிரிட்டானியா உலோகம், அதாவது பியூட்டர். பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம், உருக்கக் கூடாததை உருக்குவது. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க, ஆங்கிலேயக் கைவினைஞரின் முத்திரை பதித்த ஒரு தட்டுக்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை அதன் உலோக விலையை எங்கோ பின்தள்ளிவிடும். முத்திரை இருந்தால், அது யாருடையது என்று அறியும்வரை கைவைக்காதிருப்பதே புத்தி.

உருக்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். உருகிய உலோகத்துக்குள் ஒரு துளி நீர் போனாலும் அது கணத்தில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வீசும். ஆகவே கழுவிய பாத்திரம் முற்றாகக் காய வேண்டும். மற்றது, ஈயத்தைத் தொட்ட சட்டியும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஈயத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பட்டறையில் போட்ட உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவதையும் நிறுத்த வேண்டும். காலம் கண்டறியாத பழைய பியூட்டரில் உண்பதும் குடிப்பதும் கூடாது.

இரண்டாவது கேள்வி

இனி அந்தச் சகோதரர் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நமது மத்ஹபின் நிலைப்பாடு பலரை ஆச்சரியப்படுத்தலாம். விலையில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதற்காக மட்டும் வியாபாரம் முறிந்துவிடாது என்பதே ஷாபிஈ பிக்ஹின் பொதுவான தீர்ப்பு. கண்ணாடித் துண்டை மாணிக்கம் என்று தானாகவே எண்ணி வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை என்ற உதாரணத்தை, நமது மத்ரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முஈனில்கூடக் காணலாம். பேருவளையின் மாணிக்க வியாபாரிகளுக்கு இது நன்கு விளங்கும். ஹன்பலி மத்ஹபில் சற்று வேறுபாடு உண்டு. சந்தை விலை அறியாது, மற்றவரை நம்பி வியாபாரம் செய்தவர் பெருமளவு ஏமாந்தால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்பதும், வாங்கியவர் சுத்தமாக இருக்கிறார் என்பதும் ஒன்றல்ல. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வரும் முன்பே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தால் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தத் தடையின் நோக்கத்தை யாரும் விளங்கிக்கொள்ளலாம்: விலை அறிய வாய்ப்பே இல்லாத இடத்தில் போய் நின்று அறியாமையைக் கொள்முதல் செய்வது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அமெரிக்கக் கடைக்கும் நமது சகோதரருக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அங்கே விற்பவர் ஒரு நிறுவனம். பொருளைப் பார்த்து, தானே விலை எழுதி ஒட்டி, தட்டில் வைத்து, எல்லோருக்கும் கடையைத் திறந்து விட்டிருக்கிறது. அந்த விலையைக் கொடுத்து எடுப்பதில் என் பார்வையில் குற்றமில்லை. தேடி அலைந்த உழைப்புக்கும் கற்ற அறிவுக்கும் கிடைத்த இலாபம் அது. உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களிடம் நபியவர்கள் ஓர் ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தபோது, அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார். அவரது வியாபாரத்தில் பரகத்துக்காக நபியவர்கள் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. கெட்டிக்காரத்தனத்தை மார்க்கம் வெறுக்கவில்லை.

கணவரை இழந்து வீட்டைக் காலி செய்யும் தாய் அப்படியல்ல. அவர் விலை சொல்லவில்லை. "நீங்கள் பார்த்துப் போடுங்கள் மகன்" என்றுதான் சொன்னாராம். அந்த வார்த்தை வந்த பிறகு வாங்குபவர் வெறும் வாங்குநராக இல்லை, மதிப்பீட்டாளராகவும் நம்பிக்கைக்குரியவராகவும் ஆகிவிட்டார். அந்த இடத்தில் வெள்ளீயம் என்று தெரிந்துகொண்டே ஈயம் என்று சொல்லியிருந்தால் அது பச்சை மோசடி. சகோதரருக்குத் தெரியாது, ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. தொழிலே உலோகமாக இருக்கும் ஒருவர் இதைத் தெரியாமல் இருந்திருக்கலாமா என்பது வேறு விடயம். அதை அவரிடம் நேரடியாகவே சொன்னேன்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் சம்பவம் தப்ரானியில் பதிவாகியிருக்கிறது. அவரது ஊழியர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி, பணம் வாங்க உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரழி) அவர்கள் இது அதைவிட மேலானது, 400க்குத் தருகிறீரா என்று கேட்டார். விற்பவர் சம்மதிக்க, மீண்டும் 500 என்றார். இப்படியே நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலன் நாடுவேன் என்று தாம் நபியவர்களிடம் பைஅத் செய்ததையே அவர் காரணமாகச் சொன்னார். இதைச் சட்டமாக எல்லோர் மீதும் சுமத்த முடியாது. ஆனால் வாங்குபவர் விலையை ஏற்றிய ஒரு பேரம் நமது வரலாற்றில் நடந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு பிறகு தராசைத் தூக்கலாம்.

சகோதரரிடம் நான் சொன்னது இதுதான். உங்களிடம் வாங்கியவர் மீதுள்ள கோபத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்; விலையை நீங்களே சொன்னீர்கள், நீங்களும் ஒரு வியாபாரி. அந்தத் தாய் விடயத்தில் உங்கள் மீது கட்டாயக் கடன் இருக்கிறதா என்பதை ஓர் ஆலிமிடம் முழு விபரத்தோடு கேளுங்கள். என்ன தீர்ப்பு வந்தாலும், நீங்கள் பெற்ற இலாபத்தில் ஒரு பங்கோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். நல்ல வேளையாக, என்ன பொருள் எத்தனை கிலோ என்று எழுதி வைக்கும் பழக்கம் அவரிடம் இருக்கிறது. தொகையைக் கணக்கிட அது போதும்.

எஞ்சிய ஒன்று, பழைய உலோகக் கையிருப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் உரியது. வியாபாரப் பொருளுக்கான ஸகாத் வருட முடிவில் உள்ள சந்தைப் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டரை. வெள்ளீயத்தை ஈயத் தொட்டியில் போட்டு ஈய விலையில் கணக்கெடுத்தால், ஏழைகளின் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இந்த வருடக் கையிருப்பை எழுதுமுன் ஈயத் தொட்டியை ஒருமுறை கொட்டி, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, சந்தேகமானதைத் தனி வாளியில் போட்டு வையுங்கள். ஒரு பின்னேர வேலைதான்.